குறை சொல்பவர் இன்னும் கடையை விட்டுப் போகவில்லை

சிட்னியின் மேற்குப் பக்கம், ஸ்ட்ராத்ஃபீல்டைத் தொட்டுக்கொண்டு ஓடும் பாரமட்டா சாலையில் காரில் போகிறவர்கள் ஒரு ரயில் பாலத்தின் அடியில் நுழைந்து வெளியே வருவார்கள். பாலத்தின் மேல் பிஸ்கட்டைக் கொத்தும் ஒரு கிளி. ஆர்னட்ஸ் நிறுவனத்தின் சின்னம் அது. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய வில்லியம் ஆர்னட் 1865ல் நியூகாசில் நகரில் ஒரு ரொட்டிக்கடை வைத்தார். 1908ல் அந்தக் குடும்பம் இந்தப் பாலத்துக்குப் பக்கத்தில், நார்த் ஸ்ட்ராத்ஃபீல்டில், பெரிய ஆலையைக் கட்டியது. 1997ல் அடுப்புகள் ஹன்டிங்வுட்டுக்குப் போய்விட்டன. பழைய செங்கல் கட்டடங்கள் பேக்ஹவுஸ் குவார்ட்டர் என்ற பெயரில் உணவகங்களும் கடைகளுமாகிவிட்டன. ஆலை போனாலும் தலைமை அலுவலகம் ஆலை இருந்த ஜார்ஜ் தெருவிலேயே தங்கியது.

2016 ஏப்ரலில் அந்த அலுவலகத்தில் இருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள்.

ஷேப்ஸ் என்பது ஆர்னட்ஸ் விற்கும் கார பிஸ்கட். பார்பிக்யூ, பீட்சா, செடார் என்று பல சுவைகள். ஆஸ்திரேலியக் குழந்தைகளின் பிறந்தநாள் மேசையில் இது இல்லாமல் இருக்காது. நம் பிள்ளைகள் முறுக்கை ஒதுக்கிவிட்டு இதைத்தான் எடுப்பார்கள். வாடிக்கையாளர்கள் இன்னும் தூக்கலான சுவை கேட்கிறார்கள் என்று ஆய்வில் தெரிந்ததாகச் சொல்லி, நிறுவனம் சில சுவைகளின் செய்முறையை மாற்றியது. பெட்டியில் ‘புதியது, மேம்பட்டது’ என்று அச்சடித்து அலமாரியில் வைத்தது.

வாங்கித் தின்றவர்கள் கொதித்துப்போனார்கள். நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கம் வசவால் நிரம்பியது. பழையதைத் திருப்பிக் கொடு என்று இணையத்தில் கையெழுத்து வேட்டை நடந்தது. பழைய பெட்டிகளைத் தேடிப்பிடித்துப் பதுக்கியவர்களும் உண்டு. ஒரு பிஸ்கட்டுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று வெளியாட்களுக்குத் தோன்றும். நம்மூரில் ஒரு காபித்தூள் கம்பெனி சிக்கரி அளவை மாற்றினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். சில மாதங்களில் பழைய சுவைகள் ‘ஒரிஜினல்’ என்ற முத்திரையோடு கடைக்குத் திரும்பின.

கருத்துக் கேட்காமல் செய்த தவறு இல்லை இது. கேட்டார்கள், ஆராய்ந்தார்கள், பணம் செலவழித்தார்கள். அப்படியும் சறுக்கினார்கள் என்பதால்தான் வியாபாரம் செய்கிற எவரும் இந்தக் கதையை உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வியே கோணல்

இதற்கு மூத்த கதை அமெரிக்காவில் உண்டு. 1985 ஏப்ரல் 23 அன்று கோகோ கோலா நிறுவனம் தன் பானத்தின் சுவையை மாற்றியது. மாற்றுவதற்கு முன் ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் ருசி பார்க்கக் கொடுத்திருந்தது. பெரும்பாலோர் புதியதே நன்று என்றார்கள். கடைக்கு வந்ததும் மக்கள் சண்டைக்கு வந்தார்கள். ஜூன் மாதத்தில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான தொலைபேசி அழைப்புகள். 79 நாட்களில் பழைய கோலா திரும்பி வந்தது.

சின்னக் கோப்பையில் ஒரு மிடறு கொடுத்து ‘எது பிடிக்கிறது?’ என்று கேட்டார்கள். இனிப்பு கூடியதை நாக்கு தேர்ந்தெடுத்தது. ‘நீங்கள் இத்தனை வருடம் குடித்ததை இனி விற்கமாட்டோம், சம்மதமா?’ என்று யாரிடமும் ஒழுங்காகக் கேட்கவில்லை. முதல் கேள்விக்கு வழிப்போக்கரும் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு வாடிக்கையாளர்தான் பதில் சொல்ல முடியும்.

வாரம் தவறாமல் வந்து பத்து வருடமாக ஒரே பொருளை வாங்குகிறவர் படிவம் நிரப்பமாட்டார். அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. சொல்ல என்ன இருக்கிறது? படிவம் நிரப்புகிறவர் ஒன்று நேற்றுக் கோபப்பட்டவர், இல்லையென்றால் குலுக்கலில் பரிசு கிடைக்கும் என்று வந்தவர். இந்த இரண்டு பேரின் கருத்தை வைத்து மூன்றாமவரின் சோற்றில் கை வைப்பதுதான் பெரும்பாலான ‘வாடிக்கையாளர் ஆய்வு’களில் நடக்கிறது.

ரயிலும் நிலக்கடலையும்

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970ல் ஒரு சிறிய புத்தகம் எழுதினார். வெளியேறுதல், குரல் கொடுத்தல், விசுவாசம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் நூல். நைஜீரியாவில் அவர் பார்த்த ஒரு விசித்திரத்தில் இருந்து அது பிறந்தது. வடக்கே விளையும் நிலக்கடலையைச் சுமார் 800 மைல் தள்ளியிருக்கும் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவு தூரத்துக்கு ரயில்தான் மலிவாக இருந்திருக்க வேண்டும். ஆனால் லாரிகள் சரக்கை அள்ளிக்கொண்டு போயின. போட்டி வந்தால் ரயில்வே திருந்தும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. திருந்தவில்லை. ஏனென்றால், மோசமான சேவையைப் பார்த்து முதலில் சத்தம் போட்டிருக்கக்கூடிய வியாபாரிகளே முதலில் லாரிக்கு மாறிவிட்டார்கள். சத்தம் போட ஆளில்லாத ரயில்வே, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

விசுவாசம் எங்கே வருகிறது? சட்டென்று வெளியேறாமல் ஒருவரைப் பிடித்துவைத்து, ‘கொஞ்சம் சொல்லிப் பார்ப்போம்’ என்று வாய் திறக்க வைப்பது அதுதான் என்றார் ஹிர்ஷ்மன். ஆர்னட்ஸின் ஃபேஸ்புக் பக்கத்தில் வந்து திட்டியவர்கள் வேறு கம்பெனி பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு சும்மா போயிருக்கலாம். ஒரு பெட்டி சில டாலர்தான். போகாமல் நின்று திட்டினார்கள். அந்த நிறுவனம் காசு கொடுத்து நடத்திய ஆய்வுகளில் கிடைக்காத தகவல் அந்த வசவுகளில் இலவசமாகக் கிடைத்தது: எந்தச் சுவையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், எதை மாற்றினால் பொறுத்துக்கொள்வார்கள் என்பதெல்லாம்.

இதே நிறுவனம் 1997 பிப்ரவரியில் இதைவிடப் பெரிய சோதனையைச் சந்தித்தது. பிஸ்கட்டில் விஷம் கலப்பதாக ஒரு மிரட்டல் கடிதம். ஒரு கொலை வழக்குத் தீர்ப்பு தொடர்பான கோரிக்கை அதில் இருந்தது. நிறுவனத்துக்கும் அந்த வழக்குக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆர்னட்ஸ் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலக் கடைகளிலிருந்து தன் சரக்கை மொத்தமாக எடுத்தது. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து நடந்ததைச் சொன்னது. மக்கள் கூப்பிட்டுக் கேட்கத் தொலைபேசி எண் கொடுத்தது. நஷ்டம் பல மில்லியன் டாலர். சரக்கு திரும்பி வந்தபோது மக்களும் திரும்பி வந்தார்கள். மறைத்திருந்தால், ஒரு மாநிலத்தில் மட்டும் எடுத்துவிட்டுப் பூசி மெழுகியிருந்தால், என்னவாகியிருக்கும் என்று ஊகிக்க பெரிய அறிவு வேண்டாம். 1997ல் கூப்பிட்டவர்களுக்கு நேராகப் பதில் சொன்ன நிறுவனம்தான் 2016ல் திட்டு வாங்கவும் தகுதி பெற்றது என்பது என் கருத்து. பதில் வராது என்று தெரிந்த இடத்தில் யாரும் மூச்சு வாங்கத் திட்டுவதில்லை.

‘நல்லா இருக்கு’ என்ற பொய்

ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து அடுத்த ரயில் நிலையம் ஹோம்புஷ், அதற்கடுத்தது ஃபிளெமிங்டன். சிட்னித் தமிழர்களுக்கு, முக்கியமாக ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு, நெடுங்காலமாகப் பழகிய வட்டாரம். ஃபிளெமிங்டன் மொத்தக் காய்கறிச் சந்தை பக்கத்திலேயே இருப்பதால் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாடாமல் வந்து சேரும். இடியப்ப மா தேடி வருபவர், பொன்னி அரிசி தேடி வருபவர், ஒடியல் மா கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர் எல்லோரும் ஒரே கடையின் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

இங்கே கருத்துக் கேட்பு எப்படி நடக்கும்?

“அண்ணை, போன கிழமை கொண்டுபோன முருங்கைக்காய் எல்லாம் முத்தல்.”

“அப்பிடியே அக்கா? இந்தமுறை நான் பாத்துத்தான் எடுத்தனான். ரெண்டு கூடப் போட்டு விடுறன்.”

இரண்டு வரிதான். புகார், ஒப்புதல், பரிகாரம், அடுத்த வார வருகைக்கான உத்தரவாதம் எல்லாம் அதற்குள் முடிந்துவிட்டது. இதைத்தான் மேலாண்மைப் பள்ளிகள் மூன்று நாள் பயிற்சியாக விற்கின்றன.

சிக்கல், முதலாளி கல்லாவில் இல்லாதபோது வருகிறது. கடை வளர்ந்து இரண்டாவது கிளை திறந்தாயிற்று. கல்லாவில் படிக்க வந்த ஒரு மாணவர், மணிக்கணக்கில் சம்பளம். முருங்கைக்காய் முத்தல் என்று அவரிடம் சொன்னால் “ஓம், சொல்லுறன்” என்பார். சொல்லமாட்டார். சொல்லி அவருக்கு ஆவது ஒன்றுமில்லை. இரண்டு கூடப் போட அவருக்கு அதிகாரமும் இல்லை. புகார் அந்த மேசையிலேயே செத்துப்போகும். வாடிக்கையாளர் இரண்டாம் முறை சொல்லிப் பார்ப்பார். மூன்றாம் முறை பென்டில் ஹில்லில் இருக்கும் கடைக்குக் காரைத் திருப்புவார். முதலாளிக்கு விற்பனைக் கணக்கில் மட்டும் ஏதோ குறைந்தது தெரியும், காரணம் தெரியாது.

இதற்கு மென்பொருள் தேவையில்லை. கல்லாப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அதில் இரண்டே வகைக் குறிப்புகள்: கேட்டு இல்லை என்று சொன்ன பொருள், திருப்பிக் கொண்டுவந்த பொருள். வாரம் ஒருமுறை முதலாளி அதைப் புரட்ட வேண்டும். ஐந்து பேர் சிவப்புப் பச்சை அரிசி கேட்டுப் போயிருந்தால், ஐந்து பேர் வேறு கடைக்குப் போயிருக்கிறார்கள் என்று பொருள். அதோடு, கல்லாவில் இருப்பவர் யாரையும் கேட்காமல் பத்து டாலர் வரை பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு அனுமதி. பத்து டாலருக்குப் பயந்து மாதம் நானூறு டாலர் வாங்கும் குடும்பத்தை இழப்பது என்ன கணக்கோ தெரியவில்லை.

நம்மவர்களிடம் இன்னொரு சங்கடம் உண்டு. கடைக்காரர் கோயில் நிர்வாகத்தில் இருப்பார், தமிழ்ப் பள்ளியில் நம் பிள்ளைக்குப் பாடம் எடுப்பவரின் கணவராக இருப்பார், எப்படியும் ஒரு சொந்தம் தட்டுப்படும். அதனால் முகத்துக்கு நேரே யாரும் குறை சொல்வதில்லை. ‘சாப்பாடு எப்படி?’ என்று விருந்து சமைத்தவர் கேட்டால், ‘நல்லா இருக்கு’ என்பதைத் தவிர வேறு பதில் நம் பண்பாட்டில் இல்லை. உண்மை விமர்சனம் கார் நிறுத்துமிடத்தில் தொடங்கி வாட்ஸ்அப் குழுவில் முடியும்.

அப்படியானால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டியதுதான். ‘அடுத்த விழாவுக்கு இந்தப் பட்டியலில் எதை எடுத்துவிடலாம்?’ என்று கேட்டால் மரியாதை குறையாமலே உண்மை வெளியே வரும். வாயால் கேட்கவே கூசுபவர் பந்தி முடிந்ததும் இலைகளையும் தட்டுகளையும் பார்க்கட்டும். எது மீந்திருக்கிறதோ அதுதான் விமர்சனம். நம் ஊர்ச் சமையல்காரர்கள் இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள்.

தமிழ்நாட்டு உணவகங்களில் கல்லாவுக்கு மேலே ஒரு பலகை தொங்கும்: நிறைகளை நண்பர்களிடம் சொல்லுங்கள், குறைகளை எங்களிடம் சொல்லுங்கள் என்று. இதை முதலில் எழுதியவர் யாரோ, அவர் வியாபாரத்தைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரிடம் சாம்பார் புளிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். பாதி இடங்களில் “எல்லாரும் சாப்பிடறாங்களே சார்” என்பதுதான் பதில்.

ஐந்து நட்சத்திர வியாபாரம்

குறையைக் கேட்கப் பயப்படுகிறவர்கள் அடுத்து இறங்குவது, குறையை வடிகட்டும் வேலையில். சிட்னியிலேயே இதற்குப் புகழ்பெற்ற வழக்கு இருக்கிறது. மெரிட்டன் என்ற பெரிய கட்டுமானக் குழுமம் தங்கும் அறைகளை வாடகைக்கு விடுகிறது. தங்கிவிட்டுப் போனவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை ட்ரிப் அட்வைசர் தளத்துக்குக் கொடுத்தால், அந்தத் தளம் அவர்களுக்கு எழுதி விமர்சனம் கேட்கும். 2014 நவம்பர் முதல் 2015 அக்டோபர் வரை, கோபத்தோடு போயிருப்பார்கள் என்று தோன்றிய விருந்தினர்களின் முகவரிகளில் கூடுதல் எழுத்துகளைச் சேர்த்துக் கெடுத்தோ, அனுப்பாமலே விட்டோ, அந்த மடல் போய்ச் சேராமல் மெரிட்டன் பார்த்துக்கொண்டது. லிஃப்ட் ஓடாத நாட்களில், வெந்நீர் வராத நாட்களில் தங்கியவர்களுக்கு வாய்ப்பூட்டு. ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018 ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றம் 30 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

அபராதத்தை விடுங்கள். லிஃப்ட் ஓடாததால் கோபப்பட்டவர்கள் யார் யார் என்று நிறுவனத்துக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கலாம். முகவரியைக் கெடுப்பதற்கு ஆன அதே உழைப்புதான் அதற்கும் ஆகியிருக்கும்.

மருத்துவர்களிடம் நேரம் பதிவுசெய்ய உதவும் ஹெல்த் எஞ்சின் என்ற நிறுவனம் இன்னொரு படி மேலே போனது. நோயாளிகள் எழுதிய சுமார் 17,000 விமர்சனங்களை வெளியிடாமல் அமுக்கியது. சுமார் 3,000 விமர்சனங்களில் பாதகமான பகுதிகளை நீக்கியோ திருத்தியோ வெளியிட்டது. அதோடு நோயாளிகளின் விவரங்களைக் காப்பீட்டுத் தரகர்களுக்குக் கொடுத்த குற்றமும் சேர, 2020ல் 29 லட்சம் டாலர் அபராதம்.

இவை பெரிய இடத்து விவகாரம் என்று சின்னக் கடைக்காரர்கள் தள்ளிவிட வேண்டாம். ‘கூகுளில் ஐந்து நட்சத்திரம் போடுங்கள், குலாப் ஜாமூன் இலவசம்’ என்று மேசையில் அட்டை வைக்கும் உணவகங்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். விமர்சனத்துக்குப் பரிசு தருவதென்றால், புகழ்பவருக்கும் இகழ்பவருக்கும் ஒரேமாதிரி தரவேண்டும், பரிசு உண்டு என்பதை வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும் என்பது ஆணையத்தின் வழிகாட்டுதல். ஐந்து நட்சத்திரத்துக்கு மட்டும் ஜாமூன் என்பது நுகர்வோர் சட்டத்தில் வம்பை விலைக்கு வாங்குவது. நியூ சவுத் வேல்ஸ் மாநில நுகர்வோர் துறை 2016 முதல், ஒரே மாதத்தில் பத்தோ அதற்கு மேலோ புகார் வாங்கும் நிறுவனங்களின் பெயர்களைப் பட்டியலாகவே வெளியிடுகிறது. கேளாக் காது உள்ளவர்களின் பெயர் அங்கே எல்லோர் கண்ணிலும் படும்.

இன்னொரு பக்கம், ‘என்னை விட்டுவிடு’ என்று வாடிக்கையாளர் சொல்வதும் ஒரு கருத்துதான். சூப்பர் மார்க்கெட் பெருநிறுவனமான வூல்வொர்த்ஸ், இனி விளம்பர மடல் வேண்டாம் என்று விலகியவர்களுக்கும் தொடர்ந்து மடல் அனுப்பியது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடல்கள். 2020ல் அது கட்டிய அபராதம் 10,03,800 டாலர். சேமிப்புப் புள்ளி அட்டை, பிறந்தநாள் தள்ளுபடி, செல்பேசிச் செயலி என்று விசுவாசத்தைப் பிடிக்க எத்தனையோ வலை விரிக்கிற ஒரு நிறுவனத்துக்கு, ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல் காதில் விழவில்லை. நம் கடைக்காரர்களுக்கும் இது பொருந்தும். பில் போட வாங்கிய செல்பேசி எண்ணை, சம்மதம் கேட்காமல் தீபாவளி ஆஃபர் குறுஞ்செய்திப் பட்டியலில் சேர்ப்பது 2003ஆம் ஆண்டு ஸ்பாம் சட்டத்தை மீறுவதாகும்.

எண்ணால் அளக்கும் பித்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள்’ என்ற கேள்வியை ஃபிரெட் ரைக்கெல்ட் 2003ல் பிரபலமாக்கினார். ஒன்பதும் பத்தும் போடுபவர் ஆதரவாளர், ஆறும் அதற்குக் கீழும் போடுபவர் எதிர்ப்பாளர். கேள்வி எளிமையானது, நல்லதும்கூட. ஊழியரின் ஊக்கத்தொகையை அந்த எண்ணோடு கட்டிவிட்டதும் அது கெட்டது. ‘சார், பத்து போட்டுடுங்க, இல்லேன்னா எனக்குப் பிரச்சினை’ என்று கார் சர்வீஸ் இளைஞர் கெஞ்சும்போது நாம் பத்து போடுகிறோம். அந்தப் பத்து காருக்கா, அவருக்கா?

பெரிய நிறுவனங்கள் கோடி கொட்டித் தேடுவது ஹோம்புஷ் கடைக்காரரிடம் ஏற்கெனவே இருக்கிறது. யார் எந்த அரிசி வாங்குவார், எந்த வீட்டில் பெரியவருக்குச் சர்க்கரை, யார் இரண்டு வாரமாக வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இரண்டு வாரமாக வராதவரைக் கோயிலில் பார்க்கும்போது ‘என்னண்ணை, கடைப்பக்கம் காணேல்லை?’ என்று கேட்டால் போதும். கேட்டபின் வரும் பதிலுக்கு முகம் சுளிக்காமல் நிற்பதுதான் கடினம்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை தோசை ரப்பராக வந்தால், மாவு பாக்கெட்டில் தேதி தாண்டியிருந்தால், வீட்டுக்குப் போய் ஒற்றை நட்சத்திரம் போடுவதற்கு முன் கடைக்காரரைக் கூப்பிட்டு, என்றைக்கு, எந்தப் பொருள், என்ன குறை என்று நேராகச் சொல்லுங்கள். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். சரிசெய்தால் அதையும் நாலு பேரிடம் சொல்லுங்கள். சரிசெய்யாவிட்டால் நட்சத்திரம் எங்கேயும் ஓடிவிடாது.